ரீலோட் காசு இரண்டு தடவை வெட்டுப்படுகிறதா?

"நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டோம். ஒரு கோல்தான் எடுத்தோம். இரண்டு தடவை காசு வெட்டிப்போட்டாங்கள்." நலன்புரி நிலையங்களிலும், மீள்குடியேறிய கிராமங்களிலும், உறவினர் வீடுகளில் ஒண்டியிருக்கும் குடும்பங்களிடமும் இந்த முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கின்றோம். கேட்பவர்களும் "அவங்கள் அப்பிடித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். சிலர் கோபத்தில் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கொம்பனியின் சிம்மை வாங்குகின்றனர்.

இதைச் சிறிய விடயமாக நாம் கருதவில்லை. காணியிலிருந்து பிரிக்கப்பட்டு, கூலி வேலையையும் நிவாரணத்தையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு நூறு ரூபாய் சிறிய தொகை அல்ல. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. இன்று எமது மக்களுக்கு அந்தத் தொலைபேசி இலக்கமே ஒரு முகவரியாகிவிட்டது. வீடு மாறினாலும் இலக்கம் மாறுவதில்லை. பிரதேச செயலகத்தில் கொடுத்த இலக்கம் அதுதான். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருவதும், 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு பற்றிய தகவல் வருவதும், சிதறிப்போன உறவினர் தேடி அழைப்பதும் அதே இலக்கத்துக்குத்தான். ஐம்பது ரூபாய்க்காகக் கோபித்துச் சிம்மை எறிபவர் இந்த முகவரியையும் சேர்த்தே எறிகின்றார்.

ஆகவே, காசு எப்படி வெட்டுப்படுகின்றது என்பதை ஆறுதலாக விளங்கிக்கொள்வோம். இரண்டு தடவை வெட்டுப்பட்டது போலத் தெரிவதில் பெரும்பகுதிக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாத வெட்டும் இடைக்கிடை நடப்பதுண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கே உரிய இடத்தில் நியாயம் கேட்க முடியும்.

முற்கொடுப்பனவில் சிட்டை இல்லை

கைத்தொலைபேசிக் கணக்கு இரு வகைப்படும். மாத முடிவில் பில் வந்து பணம் கட்டுவது பிற்கொடுப்பனவு. முதலில் காசைப் போட்டுவிட்டுப் பின்னர் பேசுவது முற்கொடுப்பனவு. எமது கிராமங்களில் உள்ளவை அநேகமாக முற்கொடுப்பனவுக் கணக்குகளே. கையில் உள்ள காசுக்கு ஏற்பச் செலவழிக்கலாம் என்பது இதன் நன்மை.

இதன் குறை என்னவென்றால், பில் வருவதில்லை. எந்த நேரத்தில், எதற்காக, எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது கொம்பனியின் கணினியில் எழுதப்பட்டிருக்கும். எமது கையில் இருப்பது "மீதி இவ்வளவு" என்ற ஒரு வரி மாத்திரமே. சங்கக் கடையில் கொப்பியைப் பார்க்காமல் கடனை அடைப்பவரின் நிலைதான் இது. கொப்பி கடைக்காரரிடம் இருந்தால் நாமும் ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும். இக்கட்டுரையின் முடிவில் அதற்கே வருவோம்.

முற்பணமாக ஒதுக்கப்படும் காசு

நாம் அழைப்பை எடுக்கும்போது அல்லது இணையத்தைத் திறக்கும்போது, எவ்வளவு நேரம் பேசுவோம், எவ்வளவு டேட்டா செலவாகும் என்பது கொம்பனிக்குத் தெரியாது. ஆனால் கணக்கில் உள்ள காசுக்கு மேல் பேசவும் விடமுடியாது. ஆதலால் கணினி முதலில் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கின்றது. அது முடிந்தால் இன்னொரு தொகையை ஒதுக்குகின்றது. அழைப்பு முடிந்ததும், செலவானதைக் கழித்துக்கொண்டு மிகுதியைக் கணக்கில் திருப்பி விடுகின்றது.

மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதிக்கு டீசலுக்கென முற்பணம் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் கொடுத்தோம், அவர் மூவாயிரத்துக்கு அடித்தார், திரும்பி வந்து இரண்டாயிரத்தைத் தந்தார். அவர் வழியில் இருக்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐயாயிரமும் போய்விட்டது போலத்தான் தெரியும்.

கைத்தொலைபேசியிலும் இதுவே நடக்கின்றது. கணக்கில் 50 ரூபாய் உள்ளதென வைப்போம். டேட்டா திறந்ததும் 10 ரூபாய் ஒதுக்கப்படுகின்றது. அந்நேரம் மீதியைப் பார்த்தால் சில கணக்குகளில் 40 என்று காட்டும். செலவானது 3 ரூபாய் மாத்திரமெனில், டேட்டாவை மூடிய பின்னர் மிகுதி 7 ரூபாய் திரும்பி வந்து 47 என்று காட்டும். டேட்டா திறந்திருக்கும்போதே அழைப்பும் எடுத்தால் இரண்டுக்கும் தனித்தனியே ஒதுக்கப்படலாம். பார்ப்பவருக்கு இரண்டு தடவை வெட்டுப்பட்டது போலவே இருக்கும்.

கோபுரத்தின் மின்சாரம் நின்றாலோ, எமது தொலைபேசியின் பற்றரி இறந்தாலோ, "அழைப்பு முடிந்துவிட்டது" என்ற தகவல் கணினிக்கு உடனே போய்ச் சேராது. அப்போது ஒதுக்கிய காசு சற்று நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட நேரம் கடந்ததும் அது தானாக விடுவிக்கப்படவேண்டும் என்பது உலகெங்கும் பாவனையிலுள்ள விதி. இதற்கான பொதுவான தொழில்நுட்ப விதிமுறை 2005 இல் வெளியிடப்பட்டு 2019 இல் திருத்தப்பட்டது.

எனவே முதல் பாடம் இது: பேசிக்கொண்டிருக்கும்போதோ டேட்டா திறந்திருக்கும்போதோ பார்க்கும் மீதியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். டேட்டாவை மூடி, தொலைபேசியை ஒருமுறை நிறுத்தித் திறந்து, சில மணி நேரத்தின் பின் மீண்டும் பாருங்கள். அடுத்த நாள் காலையிலும் அந்தக் காசு திரும்பவில்லையெனில் அது ஒதுக்கப்பட்ட காசு அல்ல, எடுக்கப்பட்ட காசு.

அறுந்து அறுந்து வரும் அழைப்பு

கட்டணத் திட்டங்களில் சில விநாடிக்குக் கணக்கிடும். சில நிமிடத்துக்குக் கணக்கிடும். நிமிடக் கணக்கில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஐந்து விநாடி பேசினாலும் இரண்டு நிமிடம்தான்.

சிக்னல் குறைந்த இடங்களில் இது இன்னும் மோசமாகும். நிமிடத்துக்கு 3 ரூபாய் என வைப்போம். மரத்தடியில் நின்று எடுத்த அழைப்பு 20 விநாடியில் அறுகின்றது. மீண்டும் எடுக்கின்றோம், மீண்டும் அறுகின்றது. மூன்றாந் தடவைதான் விடயத்தைச் சொல்லி முடிக்கின்றோம். பேசியது மொத்தம் ஒரு நிமிடம். எமது மனதில் அது ஒரு கோல். கணினிக்கு அது மூன்று அழைப்புகள்; மூன்று நிமிடங்கள்; 9 ரூபாய். விநாடிக் கணக்குத் திட்டத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்துக்குரிய காசுதான் போயிருக்கும். சிக்னல் அடிக்கடி அறும் ஊரில் இருப்பவர்கள், விநாடிக்குக் கணக்கிடும் திட்டம் உண்டா எனத் தமது கொம்பனியிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அழைப்பை வேறு இலக்கத்துக்குத் திருப்பிவிடும் வசதியிலும் இரண்டு கட்டணம் உண்டு. எமது இலக்கத்துக்கு வரும் அழைப்பை மகனின் இலக்கத்துக்குத் திருப்பி வைத்திருந்தால், அழைப்பவர் எமது இலக்கம் வரைக்குமான கட்டணத்தைச் செலுத்துவார். எமது இலக்கத்திலிருந்து மகனின் இலக்கம் வரைக்குமான கட்டணம் எமது கணக்கில் வெட்டுப்படும். நாம் தொலைபேசியைத் தொடாமலே காசு போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தமிழில் எழுதினால் ஏன் கூடப் போகின்றது?

இதை எமது மக்களில் மிகச் சிலரே அறிந்திருக்கின்றனர். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினோம். இரண்டு அல்லது மூன்று செய்திக்குரிய காசு வெட்டுப்பட்டது என்பது பல தருணங்களில் உண்மை. அதன் காரணம் எழுத்துக் கணக்கில் உள்ளது.

உலகின் முதலாவது குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 ஆந் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அந்த முறையை அமைத்தவர்கள் ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்தே அமைத்தார்கள். ஒரு செய்தி என்பது அளவு குறிக்கப்பட்ட ஒரு கடித உறை. ஆங்கில எழுத்தானால் அதற்குள் 160 கொள்ளும். தமிழ், சிங்களம் போன்ற எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் கூடிய இடம் தேவைப்படுவதால் 70 மாத்திரமே கொள்ளும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிக்கப்படும். துண்டுகளை மறுபக்கத்தில் சேர்ப்பதற்கான குறிப்புக்கும் கொஞ்சம் இடம் போய்விடுவதால், அப்போது ஒரு துண்டில் 67 தான் கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செய்திக் கட்டணம்.

இந்த 70 என்பதும் நாம் பள்ளியில் எண்ணிய எழுத்து அல்ல. "கி" என்பது எமக்கு ஓரெழுத்து. தொலைபேசிக்கு அது "க" ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் தனியே எண்ணப்படும். சொற்களுக்கு இடையே விடும் வெளியும் ஒன்றாக எண்ணப்படும். "கொண்டு" என்பதில் எமக்கு மூன்று எழுத்து; தொலைபேசிக்கு ஆறு.

"நாளை காலை உரம் கொண்டு வருவோம்" என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். எமது கண்ணுக்கு 14 எழுத்தும் 4 வெளியும், மொத்தம் 18. தொலைபேசிக் கணக்கில் 29. இந்த அளவில் பார்த்தால், கண்ணுக்குச் சுமார் நாற்பதைத் தாண்டியதும் ஒரு தமிழ்ச் செய்தி இரண்டாகிவிடும். கணக்கு 134 ஐத் தாண்டினால் மூன்றாகிவிடும். ஆங்கில எழுத்தில் எழுதிய செய்தியில் ஒரேயொரு தமிழ் எழுத்தையோ சிரிக்கும் முகப் படத்தையோ சேர்த்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

தமிழை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அம்மாவுக்கு விளங்கும் மொழியில்தான் அம்மாவுக்கு எழுத வேண்டும். ஆனால் சுருக்கமாக எழுதுங்கள். பல தொலைபேசிகளில் செய்தி எழுதும் இடத்தின் ஓரத்தில் சிறிய எண் ஒன்று தோன்றும். எத்தனை எழுத்து மிச்சம், எத்தனை செய்தி ஆகிவிட்டது என்பதை அது காட்டும். அனுப்புமுன் அதைப் பாருங்கள். வாட்ஸ்அப் போன்றவற்றில் இந்தக் கணக்கு இல்லை. அங்கே செலவாவது டேட்டா.

டேட்டா: ஒரு வீட்டில் இரண்டு பை

டேட்டா பக்கேஜ் வாங்கியவரின் கணக்கில் இரண்டு பை உண்டு. ஒன்று பக்கேஜ் பை. அதில் இருப்பது டேட்டா. மற்றது காசுப் பை. அதில் இருப்பது ரூபாய். பக்கேஜ் பை முடிந்தாலோ, அதன் நாள் முடிந்தாலோ, டேட்டா திறந்தபடியே கிடந்தால் காசுப் பையில் கைவைக்கப்படலாம். பக்கேஜ் இல்லாமல் பாவிக்கும் டேட்டாவின் விலை மிகவும் கூடியது. "பக்கேஜுக்கும் காசு எடுத்தான், பிறகும் காசு எடுத்தான்" என்று சொல்லப்படுவதில் அநேகம் இதுதான்.

இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சில பக்கேஜுகளில் எந்த நேரமும் பாவிக்கும் டேட்டா ஒரு பங்கும், நள்ளிரவுக்குப் பின் பாவிக்கும் டேட்டா இன்னொரு பங்குமாக இருக்கும். பகல் பங்கு முடிந்துவிட்டால், இரவுப் பங்கு நிறைய மிச்சம் இருந்தாலும் பகலில் காசுப் பையில்தான் வெட்டுப்படும். பக்கேஜ் வாங்கும்போது பகலுக்கு எவ்வளவு எனத் தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப் அல்லது முகப்புத்தகத்துக்கென மலிவாக விற்கப்படும் பக்கேஜுகள் உண்டு. அவை அந்த ஒன்றுக்கு மாத்திரமே. வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய செய்தித்தள இணைப்பை நாம் தொட்டுத் திறந்தால், நாம் வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வந்துவிட்டோம். அந்தச் செலவு பக்கேஜில் அடங்காது.

தொலைபேசியில் உள்ள செயலிகள் நாம் தூங்கும்போதும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே பாவிக்காத நேரம் டேட்டாவை மூடிவைப்பதே நல்ல காவல். இரண்டு சிம் உள்ள தொலைபேசியில், பக்கேஜ் உள்ள சிம்மில்தான் டேட்டா திறந்திருக்கின்றதா என்பதையும் பாருங்கள்.

பக்கேஜ் வாங்கும்போது, உறுதிச் செய்தி வரத் தாமதமானால் பலர் மீண்டும் அழுத்துகின்றனர். முதலாவதும் போயிருக்கும், இரண்டாவதும் போய்விடும். இரண்டு பக்கேஜ், இரண்டு விலை. அழுத்திய பின் பத்து நிமிடம் பொறுத்து, மீதியைப் பார்த்து, பின்னரே மறுபடி அழுத்துங்கள்.

கடன், வரி, தானாகப் புதுப்பிக்கும் சேவை

மீதி முடிந்த நேரத்தில் கொம்பனிகள் சிறு தொகையைக் கடனாகத் தருகின்றன. அவசரத்துக்கு அது உதவிதான். ஆனால் அடுத்த ரீலோட் போட்டவுடன் கடனும் அதற்கான சேவைக் கட்டணமும் கழிக்கப்படும். வீட்டில் ஒருவர் கடன் எடுத்திருப்பார். மற்றவர் ரீலோட் போட்டிருப்பார். அவருக்கு அது திருட்டுப் போலத் தெரியும்.

பாட்டு ஒலி, சோதிடம், விளையாட்டுச் செய்தி, பரிசுப் போட்டி போன்ற சேவைகள் ஒருமுறை தொடங்கினால் நாளாந்தமோ வாராந்தமோ தாமாகப் புதுப்பித்துக் காசு எடுக்கும். பிள்ளைகள் விளையாடும்போது ஒரு பொத்தானைத் தொட்டிருந்தாலும் போதும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே தொகை குறைகின்றதெனில் முதலில் இதையே சந்தேகியுங்கள். கொம்பனியின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "எமது இலக்கத்தில் இயங்கும் சேவைகள் எவை? எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று கேளுங்கள்.

வரியும் உண்டு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 ஆந் திகதி முதல் 18 வீதமாக்கப்பட்டது. பேச்சுக் கட்டணத்தின் மீதான தொலைத்தொடர்பு அறவீடு 2022 இல் 15 வீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்தது. விளம்பரத்தில் போடும் விலை வரி சேர்த்ததா, வரி நீங்கலானதா என்பதைப் பாருங்கள். வரி நீங்கலாக 300 ரூபாய் என்று போட்ட பக்கேஜுக்கு, பெறுமதி சேர் வரி மாத்திரம் 54 ரூபாய், ஆக 354. இந்த 54 இரண்டாவது வெட்டு அல்ல, மறைந்திருந்த விலை.

தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பி அழைக்க வேண்டாம். கூடிய கட்டணமுள்ள இலக்கத்துக்கு எம்மை அழைக்க வைக்கும் மோசடி அது. வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களே இதில் எளிதாக அகப்படுகின்றன. "மகனாக இருக்குமோ" என்ற ஏக்கத்தில்தான் அந்த மோசடி பிழைக்கின்றது.

நூறு ரூபாயின் கதை

மேலே சொன்னவற்றை ஒரு கணக்கில் சேர்த்துப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நாம் அமைத்த கணக்கு.

ஒரு குடும்பம் 100 ரூபாய் ரீலோட் போடுகின்றது. முன்பு எடுத்த கடன் 30 ரூபாயும் அதன் கட்டணம் 3 ரூபாயும் கழிகின்றன. மீதி 67. அறுந்து அறுந்து மூன்று தடவை எடுத்த அழைப்புக்கு நிமிடம் 3 ரூபாய்ப்படி 9 ரூபாய். மீதி 58. ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி இரண்டு துண்டாகிப் போனதில் துண்டுக்கு 1 ரூபாய்ப்படி 2 ரூபாய். மீதி 56. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு இணைப்பைத் திறந்து பார்த்ததில் 12 ரூபாய். மீதி 44.

குடும்பத்தின் நினைவில் இருப்பது ஒரு கோலும் ஒரு செய்தியும். நான்கு ரூபாய்ச் செலவு. போனதோ 56 ரூபாய். கணக்குத் தெரியாதவருக்கு 52 ரூபாய் களவு போய்விட்டது. கணக்குத் தெரிந்தவருக்கு ஒவ்வொரு ரூபாயும் போன வழி தெரிகின்றது. எவற்றை அடுத்த தடவை தவிர்க்கலாம் என்பதும் தெரிகின்றது.

உண்மையாகவே இரண்டு தடவை எடுபட்டால்

மேற்சொன்ன எதிலும் அடங்காமல், ஒரே விடயத்துக்கு, ஒரே தொகை, ஒரே நேரத்தில் இரண்டு தடவை எடுக்கப்பட்டு, கிடைத்த பயன் ஒன்று மாத்திரமெனில் அது பிழையான வெட்டு. அப்போது முதலில் கேட்க வேண்டியது: காசு யாருடைய கையில் தங்கியது?

கடையில் இரு தடவை காசு கொடுத்தும் ஒரு ரீலோட்தான் வந்ததெனில் பேச வேண்டிய இடம் கடை. ரீலோட் வந்ததற்கான செய்தி வராமல் கடையை விட்டு நகராதீர்கள். வங்கிக் கணக்கு அல்லது வங்கிச் செயலி வழியாகப் போட்ட ரீலோட் வரவில்லை, கணக்கில் பணம் குறைந்துவிட்டதெனில் பேச வேண்டிய இடம் வங்கி. வங்கி அனுப்பிய செய்தியை அழிக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய ரீலோட் குறைந்து வந்தால், அனுப்பிய நிறுவனம் எடுத்த கட்டணத்தை அவரிடம் கேட்டுப் பாருங்கள். ரீலோட் சரியாக வந்து, பின்னர் கணக்குக்குள் பிழை நடந்திருந்தால் மாத்திரமே அது கைத்தொலைபேசிக் கொம்பனியின் பொறுப்பு.

செய்ய வேண்டியவை

1. தொலைபேசிக்கென ஒரு கொப்பி வையுங்கள். ரீலோட் போட்ட திகதி, நேரம், தொகை, போடுமுன் மீதி, போட்டபின் மீதி ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

2. பிழை தெரிந்தவுடன் டேட்டாவை மூடுங்கள். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். அடுத்த நாள் காலை மீண்டும் மீதியைப் பாருங்கள்.

3. காசு திரும்பவில்லையெனில் கொம்பனியின் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். "இன்ன திகதி, இன்ன நேரம், இவ்வளவு குறைந்தது, எதற்காக?" என்று கேளுங்கள். தமிழில் பேசுபவரைக் கேட்டுப் பெறுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக் கொப்பியில் எழுதாமல் அழைப்பை வைக்க வேண்டாம்.

4. திருப்தி இல்லையெனில் தேசிய அடையாள அட்டையுடன் கொம்பனியின் சேவை நிலையத்துக்குச் சென்று, அந்த நாட்களுக்குரிய விபரப் பட்டியலைக் கேளுங்கள்.

5. அங்கும் தீர்வு கிடைக்காவிடில் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கொம்பனிகளுக்கு மேலே நின்று அவற்றை ஒழுங்குபடுத்துவதற்காக 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் இது. முகவரி: இல. 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8. தொலைபேசி: 1900. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆகவே தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள்.

கடிதம் எப்படி எழுதுவதெனத் தயங்குவோருக்காக ஒரு மாதிரி:

"ஐயா / அம்மணி, எனது கைத்தொலைபேசி இலக்கம் ......... இது எனது பெயரில் பதியப்பட்ட முற்கொடுப்பனவு இணைப்பாகும். ......... ஆந் திகதி ......... மணிக்கு எனது கணக்கில் ......... ரூபாய் இருந்தது. ......... மணிக்குப் பார்த்தபோது ......... ரூபாய் குறைந்திருந்தது. ......... என்ற ஒரே சேவைக்கு இரண்டு தடவை கட்டணம் எடுக்கப்பட்டதாக நம்புகின்றேன். இது பற்றிக் கொம்பனிக்கு ......... ஆந் திகதி அறிவித்தேன். முறைப்பாட்டு இலக்கம் ......... இதுவரை தீர்வு கிடைக்கவில்லை. விசாரித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றேன்."

சிம் யாருடைய பெயரில்?

இந்தக் கடிதத்தில் "எனது பெயரில் பதியப்பட்ட" என்ற சொற்கள் உள்ளன. எமது மக்களுக்கு இடையூறாக இருப்பது இந்த இடம்தான். இடம்பெயர்ந்த வேளையில் அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள், அயலவரின் பெயரிலும் கடைக்காரரின் பெயரிலும் சிம் வாங்கி, இன்றும் அதையே பாவிக்கின்றனர். அத்தகையவர் விபரப் பட்டியல் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். சிம் தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம். பெயருக்கு உரியவர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ சிக்கல் இன்னும் கூடும். அடையாள அட்டை இல்லாதவர்கள் கிராம அலுவலரிடம் சென்று விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அட்டை கையில் உள்ளவர்கள், சிம் பெயருக்கு உரியவரை அழைத்துக்கொண்டு சேவை நிலையத்துக்குச் சென்று பெயர் மாற்றத்தைக் கேளுங்கள். ஐம்பது ரூபாயை மீட்பதைவிட இது அவசரமான வேலை.

இன்னோர் எச்சரிக்கை. "உங்களிடம் இரண்டு தடவை காசு எடுத்துவிட்டோம்; திருப்பித் தருகின்றோம்; உங்கள் தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் சொல்ல வேண்டாம். அந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் காசு திருப்பித் தர வந்தவர் அல்லர். அதைக் கொண்டு வங்கிக் கணக்கையே திறந்துவிடுவர்.

தனியொருவர் ஐம்பது ரூபாய்க்காகக் கொழும்புக்கு எழுதத் தயங்குவார். ஆனால் ஒரு கிராமத்தில் இருபது குடும்பங்களுக்கு ஒரே வாரத்தில் ஒரே விதமான வெட்டு நடந்திருந்தால் அது கோபுரத்தின் அல்லது கணினியின் பிழையாக இருக்க இடமுண்டு. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, கொப்பிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருபது கொப்பிகளில் உள்ள திகதியும் நேரமும் ஒத்திருந்தால், அவற்றைச் சேர்த்து ஒரே கடிதமாகச் சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள். அத்தகைய கடிதத்தைத் தட்டிக்கழிப்பது எந்த அலுவலகத்துக்கும் இலகுவல்ல.

விதைநெல் எவ்வளவு, உரம் எவ்வளவு, கூலி எவ்வளவு எனக் கணக்குப் பார்த்தே பயிர் செய்து பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைக் கையில் உள்ள தொலைபேசிக்கும் கொண்டுவருவோம். அடுத்த ரீலோட் போடும் அன்றே கொப்பியின் முதல் வரியை எழுதுங்கள்.